ஆற்றங்கரைச் சந்தையின் பேரேடு

பேரிடருக்குப் பின் ஓர் ஊர் மீண்டெழுவதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நிலநடுக்கத்தையே தம் முதல் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. சில நொடிகளில் எல்லாம் சரிந்துவிட, அதன்பின் பல ஆண்டுகள் கட்டியெழுப்ப வேண்டியிருக்கும் அந்நிகழ்வில் அழிவின் நாளும் மீட்சியின் நாட்களும் தெளிவாகப் பிரிந்து நிற்பதே அதற்குக் காரணம். திருச்சிராப்பள்ளிக்கு அத்தகைய நாள் நேர்ந்ததில்லை. தொன்மையான கடினப் பாறையின்மேல் அமர்ந்துள்ள இந்நகரம், 2002ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க வரைபடத்தில், இடர் மிகக் குறைவு என்று கருதப்படும் இரண்டாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. மற்ற ஊர்களில் நிலநடுக்கம் வகிக்கும் இடத்தை இங்கே வகிப்பது வெள்ளம். அது ஒரே நாளில் முடிந்துபோகும் நிகழ்வாக இல்லாமல், ஒரு தலைமுறை மறப்பதற்குள் மீண்டும் வந்து கணக்குக் கேட்பதாக இருந்திருக்கிறது. ஆகவே இந்நகரத்தின் மீட்சி வரலாற்றை இடிபாடுகளில் தேடுவதைவிட, ஆறு வடிந்த மறுவாரமே மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும் ஓரிடத்தில் தேடுவது பொருத்தமாகும். அவ்விடம் இன்று காந்தி மார்க்கெட் என்று அழைக்கப்படுகிறது.

நகரத்தின் மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தென்கிளை காவிரி என்ற பெயரையே தொடர, வடகிளை கொள்ளிடம் என்ற பெயரைப் பெறுகிறது; இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் உள்ளன. இரு கிளைகளில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுந்தது. தண்ணீரைத் தன் போக்கில் விட்டால் அது வடக்கேதான் ஓடும், தென்கிளையோ மணல் மேடிட்டுத் தூர்ந்துபோகும். 1836க்கும் 1838க்கும் இடையில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, கொள்ளிடத்தின் குறுக்கே தடுப்பெழுப்பித் தென்கிளைக்குத் தண்ணீரைத் திருப்பும் பொருட்டு எழுந்ததாகும். கொள்ளிடத்தை வெள்ள வடிகாலாகவும் காவிரியைப் பாசன ஆறாகவும் கொள்ளும் ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. தீவு வாசிகளின் நினைவில் இந்த நீரியல் வேறு வடிவில் பதிந்திருக்கிறது: திருவரங்கக் கோயிலின் மரபு வரலாற்றைக் கூறும் கோயிலொழுகு என்னும் நூல், தருமவர்மன் எடுப்பித்த பழங்கோயில் வெள்ளத்தில் அழிந்து மணலில் புதைந்ததாகவும், பின்னர் கிளிச்சோழன் அதைக் கண்டெடுத்துப் புதுப்பித்ததாகவும் உரைக்கிறது. இதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் தன் கோயிலின் தொடக்கத்தையே ஒரு வெள்ளத்துக்குப் பின் நடந்த மீட்பாகச் சொல்லிக்கொள்ளும் ஊர், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் அதே ஆற்றுக்குக் காதோலை கருகமணியும் படைக்கிறது என்பது கருதத்தக்கது.

தென்கரையில் நிலைமை வேறு. மலைக்கோட்டையைச் சூழ்ந்திருந்த நகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் பல முற்றுகைகளைக் கண்டது. அக்காலத்தில் பொருள் வரத்து என்பது கோட்டை வாயில் திறந்திருப்பதைப் பொறுத்த ஒன்றாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றபின் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அதன் தடத்திலேயே சாலைகள் அமைந்தன. மேலப்புலிவார்டு சாலை, கீழப்புலிவார்டு சாலை என்னும் பெயர்களில் உள்ள ‘புலிவார்டு’ புலியோடு தொடர்பற்றது, மதில் இருந்த இடத்தில் அமைக்கும் அகலச் சாலையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் தமிழ் ஒலிப்பேயாகும். 1866இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்து, இரண்டே ஆண்டுகளில், 1868இல், பழைய கோட்டைப் பகுதியின் தென்கிழக்கில் நகரச் சந்தை தோன்றியது. புதிதாகப் பிறந்த நகராட்சிகளுக்குச் சந்தை வாடகையும் சுங்கமும் இன்றியமையாத வருவாயாக இருந்தமையால், துப்புரவையும் வருவாயையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் வழியாக அவை சந்தை கட்டுவதைக் கருதின. தாராநல்லூரும் வரகனேரியும் பாலக்கரையும் அதைச் சுற்றி நெருங்கின. வெல்லமண்டிச் சாலை போன்ற பெயர்கள் எந்தச் சரக்கு எங்கே இறங்கியது என்பதை இன்றும் காட்டி நிற்கின்றன.

1924ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடர் முழுவதும் பெய்த பெருமழை, கேரளத்தில் கொல்ல ஆண்டு 1099இன் பெயரால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று நினைவுகூரப்படுகிறது; அதே மழை காவிரியின் தலைப்பகுதிகளிலும் கொட்டியதால், பின்னாளில் மேட்டூர் அணை எழுந்த இடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 4,56,000 கன அடி நீர் பாய்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. தீவும் அதன் இருகரைகளும் அந்த நீரின் வழியிலேயே இருந்தன. அக்காலத்தில் கரை உடைப்பை எதிர்கொள்ள இருவகை அமைப்புகள் இருந்தன. ஒன்று அரசின் பொதுப்பணித் துறை. மற்றொன்று குடிமராமத்து, அதாவது ஏரி, வாய்க்கால், ஆற்றங்கரை ஆகியவற்றின் சிறு பழுதுகளை அவற்றால் பயன்பெறும் குடிகளே தம் உழைப்பால் சீர்செய்யும் வழக்கம். 1858இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட சட்டமொன்று, உடைப்பு நேரும் வேளைகளில் கிராமத்தாரை உழைப்புக்கு அழைக்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு வழங்கியது. வழக்கமாக இருந்ததைச் சட்டமாக்கியபோது அதன் கட்டாயம் மட்டும் வலுப்பெற்று, பொறுப்புணர்வு தேய்ந்தது என்பது நீர்ப்பாசன வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதை மறுப்பது எளிதன்று.

1924இன் வெள்ளம் அணைப் பொறியியலின் கணக்குகளை மாற்றியது. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையின் உபரி நீர்ப் போக்கி, கண்ணெதிரே கண்ட அந்த அளவை மனத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டது. இன்றும் எல்லிஸ் உபரி என்று அணைப் பொறியாளரின் பெயரால் வழங்கும் பதினாறு கண் மதகு அதன் பகுதியே. 1928இல் கொள்ளிடத்தின் குறுக்கே இரும்புப் பாலம் எழுந்தது. இவற்றுக்கு நடுவே, 1927இல், நகரச் சந்தை விரிவாக்கப்பட்டு காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. வெள்ளத்தின் விளைவாகவே சந்தை விரிந்தது என்று சொல்வது மிகைக் கூற்றாகும். இரண்டையும் இணைக்கும் நேரடிச் சான்று தேவைப்படும். எனினும் பேரழிவு நிகழ்ந்து மூன்றே ஆண்டுகளில் ஒரு நகராட்சி தன் சந்தையைப் பெரிதாக்கத் துணிந்தது என்றால், அச்சந்தையை நோக்கி வரும் சரக்கு அதற்குள் பழைய அளவை எட்டியிருக்க வேண்டும் அல்லது தாண்டியிருக்க வேண்டும். பெயர்சூட்டலிலும் ஒரு குறிப்பு உண்டு: முதல் உலகப் போருக்குச் சென்ற திருச்சி வீரர்களுக்கான நினைவுச் சின்னம் சந்தையின் முகப்பில் நிற்க, அதற்குப் பின்னே பேரரசை எதிர்த்தவரின் பெயர் பொறிக்கப்பட்டது.

சரக்கு இவ்வளவு விரைவில் திரும்பியது எப்படி என்ற வினாவுக்கு விடை கட்டடத்தில் இல்லை, கமிஷன் மண்டியின் நடைமுறையில் இருக்கிறது. கமிஷன் மண்டி என்பது விளைபொருளைத் தானே விலைக்கு வாங்கி விற்கும் கடையன்று; விவசாயி அனுப்பும் சரக்கை அவருக்காக ஏலத்திலோ பேரத்திலோ விற்றுக்கொடுத்து, விற்ற தொகையில் ஒரு பங்கைத் தரகாகப் பிடித்துக்கொள்ளும் இடம். நள்ளிரவுக்கு முன்பே லாரிகள் வரத் தொடங்க, சுமைப்பணியாளர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அவற்றை இறக்கி அடுக்க, விடியுமுன் சில்லறை வியாபாரிகள் சரக்கை எடுத்துச் செல்வர். அவர்களில் பலர் அன்றே பணம் கட்டுவதில்லை, விற்றபின் மாலையிலோ மறுநாளோதான் கட்டுவர். விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையும் பெரும்பாலும் சிட்டை என்னும் சிறு கணக்குத் தாளாக முதலில் எழுதப்பட்டு, பிறகே காசாகும். ஆக, ஒரு கூடைக் கத்தரிக்காய் தோட்டத்திலிருந்து தெருமுனைத் தரைக்கடைக்கு வந்து சேர்வதற்குள் குறைந்தது இரண்டு கடன்கள் அதன்மீது ஏறி இறங்குகின்றன. இவையெல்லாம் மண்டியின் பேரேட்டில், அதாவது ஆளுக்கொரு பக்கமாகப் பற்றும் வரவும் எழுதும் பெருங்கணக்கில், பதிவாகின்றன. எழுத்தில் ஏறாத ஒன்றும் உண்டு: யாருக்கு எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்ற அறிவு. அதைச் சேர்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

காவிரிப் படுகையின் முதன்மைப் பயிர்களுள் ஒன்றான வாழையைக் கொண்டு இதன் விளைவைக் காணலாம். படுகை என்பது ஆற்றின் கரைக்கு உட்புறமாகவும் அதை ஒட்டியும் வண்டல் படிந்து கிடக்கும் வளமான நிலம். வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மண்ணாகையால் விளைச்சல் மிகுதி, வெள்ளத்துக்கு முதல் இரையாவதும் அதுவே. வாழைக்குக் கன்று நட்டது முதல் தார் வெட்டும் வரை ஏறத்தாழ ஓராண்டு ஆகும். வேரில் சில நாட்கள் தண்ணீர் தேங்கினால் அந்த ஓராண்டும் போய்விடும். நிவாரணத் தொகை கணக்கெடுப்புக்கும் பட்டியலுக்கும் பின்னரே வந்து சேரும்; வங்கிக் கடன் பழைய கடனின் நிலுவையைப் பார்க்கும்; கன்றோ பருவம் தவறாமல் நட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் முன்பணம் தருபவர் மண்டிக்காரராகவே இருந்து வந்திருக்கிறார், அடுத்த தார் தன் மண்டிக்கே வர வேண்டும் என்ற எழுதப்படாத நிபந்தனையுடன். இந்த ஏற்பாட்டை அறச்செயல் என்று போற்றுவதும் சுரண்டல் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் பிழையாகும். விலை பேசும் உரிமையை விவசாயி இழக்கிறார். நிலத்தைத் தரிசாக விடாமல் காக்கவும் செய்கிறார். சந்தையின் அடித்தட்டிலும் இதே வடிவம் சிறிய அளவில் நிகழ்கிறது: நாள்தோறும் சிறு தவணையாகத் திருப்பிச் செலுத்தும் தண்டல் கடனில் சரக்கெடுத்து, தரையில் கூறு கட்டி விற்கும் பெண்கள் ஒரு நாள் மழையால் இழப்பது அன்றைய ஆதாயத்தை மட்டுமன்று, மறுநாள் முதலையும் சேர்த்துத்தான். அவர்களுக்குச் சரக்கைக் கடனாகத் தந்து மீண்டும் அமரச் செய்பவரும் அதே மண்டிக்காரரே. பேரிடர் மேலாண்மை நூல்கள் ‘சமூக மூலதனம்’ என்று பெயரிடும் பொருள் இவ்விடத்தில் வட்டியுடனும் வசையுடனும் சேர்ந்தே புழங்குகிறது.

1977இன் வெள்ளம் வேறு திசையிலிருந்து வந்தது. நவம்பர் 12 அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையைக் கடந்த கடும்புயல், உள்நாட்டில் வலுவிழந்தவாறே மேற்கு நோக்கி நகர்ந்து, மறுநாள் அரபிக்கடல் பக்கம் வெளியேறியது. தமிழகத்தில் 560 பேர் உயிரிழந்தனர், 10 லட்சம் பேர் வீடிழந்தனர் என்பது வானிலைத் துறையின் பதிவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்து வெள்ளம் மைசூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மேட்டூரில் தேங்கி, திறக்கப்படும் கன அடிகளின் அறிவிப்போடு நாட்கணக்கில் பயணம் செய்து வரும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளமோ நகரத்துக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள மேட்டு நிலங்களில் பெய்த மழையைக் கோரையாறு, அரியாறு, குடமுருட்டி ஆகிய சிற்றாறுகள் சில மணி நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவதால் உண்டாவது. முன்னதற்கு அணை ஒரு காவல். பின்னதற்கு எந்த அணையும் இல்லை. சோழர் காலத்தில் வெட்டப்பட்டு, முதலாம் இராசராசனின் விருதுப்பெயரைத் தாங்கி, நகரத்தின் நடுவே இன்றும் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இச்சிற்றாறுகளின் வழியில் குறுக்கிடுகிறது. பாசனத்துக்காக வெட்டிய வாய்க்கால், கரையோரம் வீடுகள் நெருங்கிவிட்ட காலத்தில், வெள்ளத்தை ஊருக்குள் அழைத்து வரும் வழியாகவும் மாறக்கூடும் என்பதை அந்த நவம்பர் காட்டியது. மேற்குப் புறநகரின் தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின. 2005ஆம் ஆண்டின் இறுதியில் காவிரியும் கொள்ளிடமும் நிரம்பிய நிலையிலேயே உள்ளூர் மழையும் சேர்ந்துகொள்ள, அந்நினைவு மீண்டும் உயிர்பெற்றது. இருமுறையும் கரைகளை உயர்த்தும் பணி பின்தொடர்ந்தது.

2018 ஆகஸ்டில் நிகழ்ந்தது இவற்றிலிருந்து மாறுபட்டது. அப்போது ஊர் மூழ்கவில்லை, ஊரைக் காத்த கட்டுமானங்கள் விழுந்தன. கொள்ளிடத்தின் 1928ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அருகில் புதிய பாலம் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்திருந்தமையால் போக்குவரத்து தப்பியது. சில நாட்களில், ஆகஸ்டு 22 அன்று இரவு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து விழுந்தன. தென்கிளைக்குப் போக வேண்டிய பாசன நீர் கொள்ளிடத்தில் வீணாகாமல் தடுக்க, மணல் மூட்டைகளும் பாறைகளும் கொண்டு உடைப்பை அடைக்கும் பணி இரவு பகலாக நடந்தது. பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் புதிய கதவணை கட்டப்பட்டது. ஆற்று மணலை அளவின்றி அள்ளியதால் படுகை தாழ்ந்து அடித்தளங்கள் அரிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது. கோயிலொழுகின் காலத்தில் மணல் மூடியது இடர். இப்போது மணல் இன்மை இடர்.

மீட்சியைப் பற்றிய இந்திய அனுபவத்தில் பெரும் விவாதம் நடந்தது ஓரிடத்தைக் கைவிட்டு வேறிடத்தில் ஊரமைப்பதைக் குறித்தே. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், 50க்கு மேற்பட்ட கிராமங்கள் புதிய இடங்களில் நேர்த்தெருக்களுடன் முழுமையாகக் கட்டித் தரப்பட்டன. உறவும் சாதியும் தொழிலும் சேர்ந்து உருவாக்கிய பழைய நெருக்கத்துக்கும் அந்த அகன்ற தெருக்களுக்கும் பொருத்தம் ஏற்பட நெடுங்காலம் ஆயிற்று. 2001 ஜனவரி 26இன் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் பூஜ் நகரில் புறநகர் மனைகள் ஒதுக்கப்பட்டபோதும், மதிலுக்கு உட்பட்ட பழைய நகரின் வணிகர்கள் தம் இடத்தை விட மறுத்தனர். ஒவ்வொருவர் மனையிலும் ஒரு பகுதியைச் சாலைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே மீண்டும் கட்டும் சமரசம் உருவாயிற்று. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய பேரலை, காவிரி கடலில் சேரும் பூம்புகாரையும் கொள்ளிடம் சேரும் பழையாற்றையும் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கடலிலிருந்து தொலைவில் வீடு என்ற அரசின் விருப்பத்துக்கும் படகு கண்ணில் படும் தொலைவில் வீடு என்ற மீனவரின் விருப்பத்துக்கும் நடுவே பேசியவை மீனவ கிராமங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகளே. நிவாரணப் பொருளைப் பங்கிட்டதும் அவையே, தங்களில் யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரை விடுவது என்று தீர்மானித்ததும் அவையே. மண்டிக்காரரின் முன்பணத்தைப் போலவே இதிலும் காப்பும் கட்டும் பிரிக்க முடியாதவாறு பின்னியிருந்தன.

திருச்சியில் இந்த விவாதம் ஒரு பேரிடருக்கு முன்பே தொடங்கிவிட்டது. நகர நடுவில் நெரிசல் மிகுந்துவிட்டதை முன்னிட்டு, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடி என்னுமிடத்தில் 77 கோடி ரூபாய்ச் செலவில் காய்கறி, பழம், பூ ஆகியவற்றுக்கான மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. கூரையும் குளிர்பதனக் கிடங்கும் அகன்ற வாகன வழியும் அங்கிருந்தன. வியாபாரிகள் போகவில்லை. கடைகள் சிறியவை, தொலைவு மிகுதி என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். சில்லறை வியாபாரியும் தரைக்கடைக்காரரும் உடன் வராத இடத்தில் மொத்த வியாபாரம் தனியே நிற்காது என்பது அவற்றுக்கு அடியில் இருந்த காரணம். மொத்த மண்டியை மட்டும் பெயர்த்து நடலாம் என்று எண்ணியவர்கள் பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுக்க முயன்றனர்.

2020 மார்ச் இறுதியில் கொள்ளை நோய் முடக்கம் வந்தபோது, திட்டமிடுவோரால் மூன்றாண்டுகளில் செய்ய முடியாததை ஒரே உத்தரவு செய்தது: காந்தி மார்க்கெட் மூடப்பட்டது. நகரின் பல திறந்தவெளிகளில் தற்காலிகச் சந்தைகள் தோன்ற, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் இரவு வியாபாரமாக நிலைகொண்டது. வெட்டவெளியில், வெயிலிலும் மழைச் சேற்றிலும், கூரையற்ற அம்மைதானத்தில் சந்தை மாதக்கணக்கில் இயங்கியது. அதே காலத்தில் கள்ளிக்குடியின் கூரைகள் பெரும்பாலும் ஆளின்றிக் கிடந்தன. கடைக்கு எண்ணில்லை, மேடையில்லை, ஆயினும் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு அப்படியே மைதானத்துக்குப் பெயர்ந்து வந்திருந்தது. பழைய இடத்தைத் திறப்பதற்கு எதிராக மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தொடுக்கப்பட்ட வழக்கில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டு, அது விலக்கப்பட்டபின், 2020 நவம்பர் இறுதியில், ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து, காந்தி மார்க்கெட் மீண்டும் திறந்தது. அந்த எட்டு மாதங்களைத் தாங்கியவர்கள் எல்லோரும் சமமாகத் தாங்கவில்லை. மண்டிக்காரர் மைதானத்துக்குச் சென்றார்; சந்தையின் உட்புறத் தரையில் அமர்ந்து பழகிய வயது முதிர்ந்த பெண்களுக்கு, பேருந்தில்லாத நாட்களில், பொன்மலை எட்டாத தொலைவாயிற்று. பூ வியாபாரத்தின் ஒரு பகுதி, திருவரங்கம் சாத்தார வீதியின் பழைய பூச்சந்தையைப் போல, கோயில்களையும் திருமணங்களையும் நம்பியது. கோயில்கள் மூடியிருந்தமையால் பறிக்க ஆளிருந்தும் வாங்க ஆளின்றி மல்லிகை செடியிலேயே வாடியது.

இப்போது நகரத்தின் தென்புறத்தில், பஞ்சப்பூரில், 2025இல் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையத்துக்கு அருகே புதிய காய்கறிச் சந்தை அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டுள்ளது. கள்ளிக்குடியைவிட நகருக்கு அண்மையில் உள்ளதாலும், பேருந்து வசதி வாசலிலேயே இருப்பதாலும், முந்தைய முயற்சிக்கு நேர்ந்த கதி இதற்கு நேராது என்று திட்டமிடுவோர் எதிர்பார்க்கின்றனர். வெல்லமண்டிச் சாலையில் இரவு பதினொரு மணிக்கு லாரிகள் வரிசைகட்டுவது இன்னும் நிற்கவில்லை. பஞ்சப்பூரின் ஓரமாக ஓடும் ஆறு, 1977 நவம்பரில் ஊருக்குள் வந்த அதே கோரையாறு.